இண்டர்நெட்டும் கம்ப்யூட்டர் வலையமைப்பும்: மலைநாட்டுக் குடியானவர்கள் அறிய வேண்டியவை

நீலகிரி ஜில்லாவைச் சேர்ந்த இத்தலார் கிராமத்தில் தேயிலைக் கொழுந்து விற்போரும், காரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் பயிரிடுவோரும் தங்கள் விளைபொருளின் விலை நிலவரத்தை இக்காலத்தில் பெரும்பாலும் கைப்பேசியின் மூலமே அறிகின்றனர். பட்டா நகல், சிட்டா, பயிர் இன்ஷூரன்ஸ் விண்ணப்பம், உதவித்தொகை வரவு முதலியனவும் அவ்வழியாகவே வந்து சேர்கின்றன. ஆயினும் அச்செய்தி எந்த மார்க்கமாக வருகிறது, இடையில் எவர் கையில் தங்குகிறது, மழைக்காலத்தில் ஏன் தடைப்படுகிறது என்பவற்றை விசாரித்தறிந்தவர் சிலரே. வாய்க்காலின் தலைப்பு எங்கே என்று அறியாதவன், மடையில் நீர் நின்றபோது எங்கே சென்று பார்ப்பதென்றும் அறியமாட்டான். இண்டர்நெட் விஷயத்திலும் இதுவே நிலைமை.

வலை என்பது யாது?

இரண்டு கம்ப்யூட்டர்களைக் கம்பியினாலோ வானொலி அலைகளினாலோ இணைத்து, ஒன்றில் உள்ளதை மற்றொன்று பெறும்படி செய்தால் அதுவே வலையமைப்பாகும். ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் காரியாலயத்தில், கொழுந்து எடை போடுமிடத்திலுள்ள கம்ப்யூட்டர், கணக்கரின் மேஜைமீதுள்ள கம்ப்யூட்டர், அச்சு யந்திரம் ஆகிய மூன்றும் இவ்வாறு இணைக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றுக்கிடையே செய்தியை உரிய யந்திரத்துக்குப் பிரித்துக் கொடுக்கும் சிறு பெட்டி 'ஸ்விட்ச்' எனப்படும். அக்காரியாலயத்துக்கு வெளியே செல்ல வேண்டிய செய்தியை வாங்கி, எந்தத் திசையில் அனுப்புவதென்று தீர்மானிக்கும் பெட்டி 'ரௌட்டர்' எனப்படும். முன்னது வீட்டிற்குள் ஏவல் செய்வது; பின்னது வாசலில் நின்று வழி சொல்வது.

இத்தகைய சிறு வலைகள் லக்ஷக்கணக்கில் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருப்பதே இண்டர்நெட் அல்லது இணையம். ஆகையால் அதற்குத் தனியொரு சொந்தக்காரர் இல்லை. தந்தி இலாகாவுக்கு இருந்ததைப் போன்ற ஒரே நிர்வாகமும் இல்லை. எல்லா வலைகளும் ஒரே விதமான ஒழுங்குமுறைக்கு உடன்பட்டிருப்பதுதான் அதனைத் தாங்கி நிற்பது.

அமெரிக்காவில் 1969-ஆம் வருஷம் அக்டோபர் 29-ந் தேதி, ஆர்ப்பாநெட் என்னும் வலையின் மூலம் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஸ்டான்போர்டுக்கு முதற்செய்தி அனுப்பப்பட்டது. அனுப்ப முயன்றது 'லாகின்' என்ற ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல். முதல் இரண்டு எழுத்துக்கள் சென்றதும் யந்திரம் நின்றுவிட்டது. இன்று கைப்பேசி நின்றுபோனால் சலித்துக்கொள்வோர் இதனை நினைவுகூரலாம். வின்டன் செர்ப், ராபர்ட் கான் என்னும் இருவர் 1974-ல் வகுத்து வெளியிட்ட முறையை ஆர்ப்பாநெட் 1983 ஜனவரி 1-ந் தேதி முதல் கைக்கொண்டது. இந்தியாவில் 1976-ல் ஸ்தாபிக்கப்பட்ட தேசியத் தகவலியல் மையம் 1980-களின் பிற்பகுதியில் ஜில்லாத் தலைநகரங்களைத் துணைக்கோள் மூலம் இணைத்தது. பொதுமக்களுக்கு இண்டர்நெட் திறந்துவிடப்பட்டது 1995 ஆகஸ்டு 15-ந் தேதி. சென்னையும் அன்று இணைக்கப்பட்ட நகரங்களுள் ஒன்று. தந்தி முறை 2013 ஜூலையில் முற்றிலும் நிறுத்தப்பட்டது.

செய்தி செல்லும் விதம்

டெலிபோனில் இருவர் பேசும்போது, பழைய முறையில், பேச்சு முடியுமளவும் இருவருக்குமிடையே ஒரு கம்பி முழுவதும் அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். இண்டர்நெட் அவ்வாறன்று. செய்தி எதுவாயினும் அது சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின்மீதும் பெறுபவர் விலாசம், அனுப்புபவர் விலாசம், வரிசை அடையாளம் ஆகியவை எழுதப்படுகின்றன. சாதாரணமாக ஒரு பொட்டலம் 1500 பைட் அளவுக்கு மேற்படுவதில்லை. தமிழில் ஓர் எழுத்துக் குறிக்கு வழக்கமாக 3 பைட் வேண்டியிருப்பதால், ஒரு பொட்டலத்தில் ஐந்நூறுக்குச் சற்றுக் குறைந்த குறிகளே அடங்கும்.

மலைநாட்டார் இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். இத்தலாரிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு நூறு மூட்டை உருளைக்கிழங்கு போக வேண்டும். மூட்டைகளுக்கு 1 முதல் 100 வரை இலக்கமிட்டு, ஒவ்வொன்றிலும் மண்டியின் விலாசத்தை எழுதி, கிடைத்த வண்டிகளில் ஏற்றிவிடுகின்றனர். சில குன்னூர், பர்லியாறு மார்க்கமாக இறங்குகின்றன. சில கோத்தகிரி மார்க்கமாகச் செல்கின்றன. சில மஞ்சூர், கெத்தை, முள்ளி வழியாகக் காரமடை போய்ச் சேர்கின்றன. குன்னூர்ச் சாலையில் மண் சரிந்தால், பின்னால் வரும் வண்டிகள் கோத்தகிரிப் பக்கம் திருப்பப்படுகின்றன. 37-ஆம் மூட்டை 12-ஆம் மூட்டைக்கு முன்பே வந்து சேரலாம், அதனால் நஷ்டமில்லை. மண்டியிலுள்ளவர் இலக்கப்படி அடுக்கிப் பார்க்கிறார். 58-ஆம் மூட்டை வரவில்லையென்றால் அதை மட்டும் மறுபடி அனுப்பும்படி சொல்லியனுப்புகிறார். உருளைக்கிழங்கு விஷயத்தில் காணாமற்போன மூட்டைக்கு ஈடாக அதே மூட்டையை மறுபடி அனுப்ப இயலாது. செய்தி விஷயத்தில் பெற்றுக்கொண்டதாகத் தகவல் வருமளவும் அனுப்பினவரிடம் மூலப்பிரதி இருந்துகொண்டேயிருக்கிறது, வித்தியாசம் இவ்வளவே.

மேற்சொன்ன வழியில் பொட்டலங்களுக்கு விலாசமிட்டு வழிப்படுத்தும் பகுதிக்கு 'ஐ.பி.' என்றும், இலக்கப்படி அடுக்கிக் குறைந்ததைக் கேட்டு வாங்கும் பகுதிக்கு 'டி.சி.பி.' என்றும் பெயர்.

விலாசமும் பெயரும்

வலையில் இணைந்துள்ள ஒவ்வொரு யந்திரத்துக்கும் இலக்கத்தாலான விலாசம் உண்டு. முதலில் வகுத்த முறைப்படி அது புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்களாகும். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். இவ்வாறு சுமார் 430 கோடி விலாசங்களே அமையும். உலகத்தின் ஜனத்தொகைக்கு அது போதாமற்போகவே, மிக நீண்ட எண்களைக் கொண்ட மற்றொரு முறையும் வழக்கத்துக்கு வந்துள்ளது.

எண்களை மனிதர் நினைவில் வைத்திருப்பது அரிது. கிராம நிர்வாக அதிகாரிகளுக்கு இது புதிய விஷயமன்று. ஊரார் ஒரு நிலத்தை அதன் பழைய பெயரால் குறிப்பிடுகின்றனர்; சர்க்கார் கணக்கிலோ அது சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணுமாக நிற்கிறது. பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தருவதற்குப் பதிவேடு தேவைப்படுகிறது. இண்டர்நெட்டில் அத்தகைய பதிவேடு 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவரால் வகுக்கப்பட்டது. அது ஒரே இடத்தில் வைக்கப்படவில்லை. ராஜதானிக்கு ஒன்று, ஜில்லாவுக்கு ஒன்று, தாலுகாவுக்கு ஒன்று என்பதைப்போல, படிப்படியாகப் பகிர்ந்து வைக்கப்பட்டிருக்கிறது.

ஆகையால் இண்டர்நெட்டில் ஒரு பெயரைப் பின்னாலிருந்து முன்னாகப் படிக்க வேண்டும். தபால் விலாசத்தில் ஊர் முன்னும் தேசம் பின்னும் வருவதைப் போன்றதே இது. தமிழ்நாடு அரசாங்கப் பக்கங்களின் பெயர் பெரும்பாலும் 'டிஎன் . ஜிஓவி . இன்' என்று முடிகிறது. கடைசியிலுள்ள 'இன்' இந்தியாவையும், அதற்கு முந்திய 'ஜிஓவி' அரசாங்கத்தையும் குறிக்கும். 'ஜிஓவி . இன்' என்ற முடிவு அரசாங்க ஸ்தாபனங்களுக்கே அளிக்கப்படுவது. பெயரின் முற்பகுதியில் 'பட்டா', 'கிசான்', 'அரசு' என்று எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும், முடிவு வேறாயிருப்பின் அது அரசாங்கப் பக்கமென்று நம்புவதற்கு ஆதாரமில்லை. மோசக்காரர்கள் முற்பகுதியையே அலங்கரிக்கின்றனர்; குடியானவர்கள் முடிவையே பார்க்க வேண்டும்.

ஒரு படத்தின் பிரயாணம்

இத்தலாரில் ஒருவர் தம் தோட்டத்தில் கொப்புள நோய் கண்ட தேயிலை இலையைக் கைப்பேசியால் படமெடுத்து, குன்னூரிலுள்ள உபாசி வேளாண் அறிவியல் மையத்துக்கு அனுப்புவதாகக் கொள்வோம். படம் 30 லக்ஷம் பைட் அளவுள்ளதாயின், அது சுமார் 2000 பொட்டலங்களாகும். கைப்பேசி அவற்றை வானொலி அலைகளாக அருகிலுள்ள கோபுரத்துக்கு அனுப்புகிறது. அவ்வலைகள் குன்றைத் துளைத்துச் செல்லமாட்டா. ஆதலால் மேட்டில் நன்றாய்க் கிடைக்கும் தொடர்பு, நூறு கஜம் இறங்கிப் பள்ளத்துக்குப் போனால் கிடைப்பதில்லை. கோபுரத்திலிருந்து பொட்டலங்கள் கண்ணாடி இழையின் மூலமாகவோ, மற்றொரு கோபுரத்தை நேர்நோக்கிய அலைகளின் மூலமாகவோ சமவெளிக்கு இறங்குகின்றன. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லக்ஷம் கிலோமீட்டர் செல்வது. சென்னைக் கடற்கரையில் கரையேறும் கடலடிக் கம்பிகள் சிங்கப்பூர் முதலிய தேசங்களுடன் இந்தியாவை இணைக்கின்றன. படத்தை அனுப்பப் பயன்படுத்திய கம்பெனியின் யந்திரங்கள் வெளிதேசத்திலிருந்தால், அது கடலைக் கடந்து சென்று, திரும்பி வந்து, மலையேறிக் குன்னூரை அடையும். பூமியில் பக்கத்து ஊர் வலையில் பக்கத்து ஊராக இருப்பதில்லை.

விலைச் செய்தி

1935-ல் நீலகிரிக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் ஏற்பட்ட காலத்தில், மேட்டுப்பாளையத்துக் கிழங்கு விலை மலைமேல் உள்ளவருக்குத் தெரிவதற்குள் வியாபாரிக்குத் தெரிந்துவிடும். அந்த இடைவெளியே பலருடைய லாபமாயிருந்தது. 2000-ல் தொடங்கப்பட்ட அக்மார்க்நெட் என்னும் மத்திய அரசாங்க ஏற்பாடு மண்டி விலைகளை எல்லோரும் காணும்படி செய்தது. 2018-ல் தமிழ்நாடு அரசாங்கம் 'உழவன்' என்னும் கைப்பேசிச் செயலியை வெளியிட்டது. தேயிலையிலோ, 2003-ல் குன்னூரில் டீசர்வ் என்னும் கூட்டுறவு ஸ்தாபனம் கம்ப்யூட்டர் மூலமான ஏலத்தைத் தொடங்கிற்று. 2016-ல் தேயிலை வாரியம் அகில இந்திய மின் ஏலத்தை ஏற்படுத்தியது. கொழுந்துக்குக் கிடைக்க வேண்டிய விலை ஏலத்தில் தயாரித்த தேயிலைக்குக் கிடைத்த சராசரி விலையை ஒட்டியே கணிக்கப்படுவதால், ஏல விலையைத் தாமே பார்க்கத் தெரிந்த சிறு விவசாயி தம் ரசீதைச் சரிபார்க்க முடியும்.

எனினும் கைப்பேசியில் காணும் விலை முந்தின நாளைய விலையாகவோ, பல தரங்களின் சராசரியாகவோ இருக்கக்கூடும். தேதி, மண்டியின் பெயர், தரம் ஆகிய மூன்றையும் பாராமல் எண்ணை மட்டும் பார்த்து மூட்டை ஏற்றுவது கூடாது. வலை விலையைச் சொல்லும், லாரியைக் கொண்டுவராது.

மழைக்காலத் தடை

2019 ஆகஸ்டு மாதத்தில் எமரால்டுக்கு அப்பாலுள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்து, ஜில்லாவெங்கும் மண் சரிந்து மரங்கள் சாய்ந்தன. இத்தகைய காலத்தில், பல வழிகள் உண்டென்று மேலே கூறப்பட்ட இண்டர்நெட் ஏன் நிற்கிறது என்று கேட்கலாம். பல வழிகள் உள்ளது அடிமரத்தில். கிளையின் நுனியில் உள்ளது ஒரு வழியே. சென்னைக்கும் கோயம்புத்தூருக்குமிடையே ஓர் இழை அறுந்தால் மற்றொன்று உண்டு. ஒரு மலைக்கிராமத்துக் கோபுரத்துக்கு வரும் ஒரே இழை அறுந்தாலோ, மின்சாரம் நின்று கோபுரத்தின் பாட்டரி தீர்ந்தாலோ, பொட்டலங்களுக்குப் போக்கிடமில்லை. இரண்டு கம்பெனிகளின் சிம் வைத்திருப்பது சிலாக்கியமே. ஆனால் இரண்டும் ஒரே கோபுரத்தைச் சார்ந்திருந்தால் பிரயோஜனமில்லை. இதனை முன்கூட்டி விசாரித்து வைத்தல் வேண்டும்.

தொடர்பு மெலிந்திருக்கும்போது படமோ பக்கமோ வராவிட்டாலும் குறுஞ்செய்தி வந்து சேரக்கூடும். அதற்கு வேண்டிய இடம் மிகச் சிறிது. தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறிகளே அடங்குமாதலால், சுருங்க எழுத வேண்டும். ஜில்லாப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. விவசாய ஆலோசனைக்குரிய கிசான் அழைப்பு மைய எண் 1800-180-1551. இவற்றையும் பட்டா நகலையும் காகிதத்தில் வைத்திருப்பது நலம்.

பூட்டுச் சின்னமும் ஒருமுறைக் கடவுச்சொல்லும்

பக்கத்தின் பெயருக்கருகே காணும் பூட்டுச் சின்னத்தைப் பற்றித் தவறான எண்ணம் பரவியிருக்கிறது. கடிதம் உறையிலிட்டு ஒட்டப்பட்டது, இடைவழியில் எவரும் பிரித்துப் படிக்க முடியாது என்பதே அதன் பொருள். கடிதத்தைப் பெறுபவர் யோக்கியர் என்பதற்கு அது அத்தாட்சியன்று. திருடனுக்கும் ஒட்டிய உறையில் கடிதம் எழுதலாம்.

உதவித்தொகை நின்றுவிட்டதென்றும், கைப்பேசிக்கு வந்த ஆறிலக்க எண்ணைச் சொன்னால் உடனே கிடைக்குமென்றும் எவரேனும் அழைத்தால், அவ்வெண்ணைச் சொல்லவே கூடாது. அது பாங்கிப் பெட்டியின் சாவியாகும். பணம் போடுவதற்குச் சாவி வேண்டுவதில்லை. ஏமாந்து சொல்லிவிட்டவர் வெட்கப்பட்டு மறைக்காமல், தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைத்துத் தெரிவிக்க வேண்டும். பணம் மோசக்காரனின் கணக்கிலிருந்து எடுக்கப்படுமுன் அதை நிறுத்திவைக்க இடமுண்டு. கிராம உத்தியோகஸ்தர்கள் தங்கள் பெயரால் திறந்த கம்ப்யூட்டரை அப்படியே விட்டு எழுந்து செல்வது, காரியாலய முத்திரையையும் கையெழுத்திட்ட வெற்றுத் தாள்களையும் மேஜைமீது விட்டுச் செல்வதற்கு ஒப்பாகும். அவ்வேளையில் வேறொருவர் செய்த பதிவும் கணக்கில் அவ்வுத்தியோகஸ்தர் பெயரிலேயே நிற்கும்.