அட்லஸ் அந்துப்பூச்சியை இனங்காணும் முறை

கிள்ளான் பள்ளத்தாக்கின் காட்டோரங்களிலும் தோட்டப்புறங்களிலும், இரவு வேளைகளில் பெரியதோர் அந்துப்பூச்சி விளக்கொளியை நாடி வருவதுண்டு. விரித்த இறக்கைகளின் அகலம் 24 சென்டிமீட்டர் வரையிலும் இருக்கும். இறக்கை நுனி பாம்பின் தலையை ஒத்திருப்பதால், அஞ்சி அதைத் துடைப்பத்தால் அடிப்பவரும் உளர். அச்சம் தேவையற்றது. அதற்கு நஞ்சில்லை, உண்பதற்கேற்ற வாயுறுப்பும் இல்லை. அதுவே பட்டு நூற்கும் பூச்சிகளுள் ஒன்றாகிய அட்லஸ் அந்துப்பூச்சி.

பெயரும் வகுப்பும்

நாம் பால் வெட்டும் மரத்திற்கு அறிவியலார் இட்ட பெயர் ஹெவியா பிரசிலியென்சிஸ். முதற்சொல் பேரினத்தையும், இரண்டாஞ்சொல் சிற்றினத்தையும் குறிக்கும். அம்முறைப்படியே இப்பூச்சியின் பெயர் அட்டாகஸ் அட்லஸ். சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் இச்சிற்றினத்திற்குப் பெயரிட்டார். அட்லஸ் என்பது கிரேக்கப் புராணத்தில் வானத்தைத் தாங்கிய அசுரனின் பெயர்.

முசுக்கொட்டை இலையுண்டு புடவைப் பட்டைத் தரும் பாம்பிக்ஸ் மோரிக்கும் அவரே அவ்வாண்டில் பெயரிட்டார். பிற்காலத்தார் நுணுகி ஆராய்ந்து, அதனைப் பாம்பிசிடே குடும்பத்திலும், அட்லசைச் சாட்டர்னிடே குடும்பத்திலும் சேர்த்தனர். பட்டு தருவதால் மட்டும் இரண்டு பூச்சிகள் ஒரே குடும்பமாகிவிடா. உடலமைப்பே வகுப்பைத் தீர்மானிக்கும்.

இனங்காணும் படிகள்

முதலில் உணர்கொம்பைக் காண்க. வண்ணத்துப்பூச்சிக்கு அது நுனி தடித்த குச்சி போலிருக்கும். அட்லசுக்கோ பறவையின் சிறகு போலிருக்கும். ஆணின் உணர்கொம்பு பெண்ணினதைவிட அகன்றது. பெண்ணின் உடலோ ஆணினதைவிடப் பெரியது.

இரண்டாவதாக, பின்னிறக்கையைக் காண்க. நீண்ட வால் தொங்கினால் அது அதே குடும்பத்து நிலா அந்துப்பூச்சியாக இருக்கலாம். கரும்பழுப்பு இறக்கையில் வெள்ளைப் பட்டை ஓடி, சிறு வால்களும் இருந்தால் அது லிஸ்ஸா சாம்பா. 2014ஆம் ஆண்டில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் திரளாக வந்து மக்களை வியக்கவைத்தது அதுவே. அதன் புழு உண்ணும் செசெண்டோக் மரம், நமது பால்மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. எனினும் லிஸ்ஸா பட்டுப்பூச்சிக் குடும்பத்தது அன்று.

மூன்றாவதாக, இறக்கையின் நடுப்பகுதியைக் காண்க. வட்டமான கண் போன்ற புள்ளி இருந்தால் அது டசார் பட்டுப்பூச்சியின் உறவாகிய அந்தரேயா இனமாகலாம். செம்பழுப்பு இறக்கை ஒவ்வொன்றிலும், செதிலற்று ஒளி ஊடுருவும் முக்கோணச் சாளரமும், முன்னிறக்கை நுனியில் பாம்புத் தலைக் கோலமும் சேர்ந்து இருந்தால், அது அட்டாகஸ் இனமே.

வாழ்வும் பட்டும்

இதன் புழு வெண்மாப் பூசினாற்போன்ற வெளிர்பச்சை நிறமுடையது. கொய்யா, எலுமிச்சை, இலவங்கம் முதலியவற்றின் இலையை உண்டு, பத்து சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். பின்னர் இலையைப் பட்டிழையால் சுற்றிப் பழுப்புநிறக் கூடு கட்டும். பாம்பிக்ஸ் கூட்டிலிருந்து பல நூறு மீட்டர் நீளமுள்ள ஒரே இழையை உருவலாம். அட்லசின் இழை அவ்வாறு தொடர்ந்து வராது. பஞ்சு போல் நூற்றே பயன்படுத்த வேண்டும். எனினும் அது உறுதியானது.

கூட்டை விட்டு வந்த பூச்சி, புழுவாயிருந்தபோது சேர்த்த கொழுப்பைக் கொண்டே ஓரிரு வாரம் உயிர்வாழும். அதற்குள் பெண் பூச்சி வாசனையைக் காற்றில் விட்டு ஆணை அழைத்து, முட்டையிட்டு முடிக்க வேண்டும். அந்தச் சில இரவுகளில் துடைப்பத்தின் ஓர் அடி விழுந்தால் அழிவது ஓர் உயிர் மட்டுமன்று. நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளும் அதனுடன் அழியும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. எஞ்சிய மரஞ்செடிகளே இப்பூச்சிக்குப் புகலிடம். ஆகவே, கொய்யா மரத்தில் நாலைந்து பச்சைப் புழுக்களைக் கண்டவுடன் மருந்து தெளிக்க விரைதல் வேண்டா. முதலில் இன்னதென்று அறிக. விளக்கருகே பூச்சி வந்தால் பிள்ளைகளை அழைத்து, உணர்கொம்பையும் சாளரத்தையும் காட்டி, அதன் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். பின்னர் விளக்கை அணைத்துவிடுங்கள்; அது தன் வழியே பறந்து செல்லும்.