பெயிண்ட் இருக்கட்டும், பிரேக்கைப் பார்

அன்புள்ள கதிர்,

தாத்தாவின் அம்பாசிடரை ஊட்டிக்கு ஓட்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். முடிவு உன்னுடையதுதான். ஆனால், உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து பெரியம்மாவுக்குச் சரியான தூக்கமில்லை.

அது 1968ஆம் வருஷத்து மார்க் 2. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், எல்லாவற்றுக்கும் ஒரே லைன். இப்போதைய கார்களில் பிரேக் லைன் இரண்டாகப் பிரிந்திருப்பதால் ஒன்று ஒழுகினாலும் மற்றது பிடிக்கும். இதில் ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினாலே நாலு சக்கரமும் போச்சு. மிச்சம் ஹேண்ட் பிரேக் மட்டும்தான்.

தண்ணீர் விஷயம் சுலபம். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தம் பிடித்தால்தான் எஞ்சின் தாங்கும், அதனால் ரப்பர் காய்ந்த மூடியை மாற்று. எஞ்சின் சூடேறியதும் அணைத்துவிட்டு, ஃபேன் நின்ற பிறகு ரேடியேட்டர் முகத்தைத் தடவிப் பார். நடுவில் திட்டாகக் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய் அடைத்திருக்கிறது. ராடு விட்டுச் சுத்தம் செய்யச் சொல். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதே. அடைப்பு அப்படியே இருக்கும். எஞ்சின் சூடேறத் தாமதமாகி, பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

பிரேக்தான் கவலை. உன் அப்பா அந்த வண்டிக்கு எத்தனை முறை பெயிண்ட் அடித்தான், சீட் கவர் மாற்றினான், பம்பருக்கு குரோம் பூசினான்! மாஸ்டர் சிலிண்டர் வாஷர் மாற்றச் சொன்னால் மட்டும் அடுத்த மாசம். அதனால் குன்னூரில் என்ன ஆனது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், திரும்ப எழுத வேண்டாம். இப்போது நீயும் எந்த நிறம் நல்லது என்று அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். பிரேக் ஆயிலைப் பற்றி ஒரு வரி இல்லை.

அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். இறக்கத்தில் டிரம் காய்ந்து ஆயில் கொதித்தால் லைனில் ஆவி நிற்கும், மிதித்த பெடல் தரையைத் தொடும். ஆகவே இரண்டு வருஷத்துக்கொரு முறை பழையதை முழுக்க வெளியேற்றி, நாலு சக்கரத்திலும் ஏர் எடுக்க வேண்டும். பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடி. மெல்ல அமுங்கினால் மாஸ்டர் சிலிண்டர் தேய்ந்திருக்கும். டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் தூசி ரப்பரை நகத்தால் விலக்கிப் பார். உள்ளே ஈரம் தெரிந்தால் சிலிண்டரோடு, ஆயில் பட்ட லைனிங்கையும் மாற்று. இறங்கும்போது ஏறின கியரிலேயே இறங்கு.

இத்தனையும் முடித்துவிட்டுப் போவதா, மேட்டுப்பாளையத்தில் வண்டியை விட்டுவிட்டு மலை ரயிலில் ஏறுவதா, நீயே யோசித்துக்கொள். ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தால் அதைவிட நல்ல பயணம் கிடையாது.

இப்படி எழுதியதால் கோபப்படாதே கண்ணா. வீட்டிலேயே நிதானமாக ஓட்டுகிறவன் நீதான் என்று பெரியம்மா எல்லோரிடமும் சொல்கிறாள். மாஸ்டர் சிலிண்டர் கிட், நாலு லைனிங் செட் எல்லாவற்றுக்கும் பணம் அனுப்பியாகிவிட்டது. மீந்தால் உனக்குப் பிடித்த நிறத்திலேயே பெயிண்ட் அடித்துக்கொள். அந்த நீலம் அழகாகத்தான் இருக்கும்.

அன்புடன்,
பெரியப்பா