மழைக்கு முன்னே வாரம் ஒரு சாமான்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூலி வேலை நின்னு போகும். அடுப்பு எரியாமல் இருக்க முடியுமா? அப்போதுதான் நூற்றுக்குப் பத்து வட்டிக்குக் கை நீட்டுகிறோம். 1,000 ரூபாய் வாங்கினால் மாசம் 100 ரூபாய் வட்டிக்கே போச்சு!

ஆடியில் ஆரம்பித்தால் ஏறக்குறைய 12 வாரம் கிடைக்கும். குழுவில் சந்தா கட்டும் நாளில் 50 ரூபாய் தனியே எடுங்கள். 600 ரூபாய் சேரும். பணமாக வைத்தால் கரைந்துவிடும், அந்தந்த வாரமே சாமானாக மாற்றிவிடுங்கள். "இப்பவே எதுக்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும்.

முதலில் கெடாத சாமான்: உப்பு, தீப்பெட்டி, மெழுகுவத்தி, சோப்பு. பிறகு மிளகாய், மல்லி, பருப்பு. எண்ணெயைக் கடைசியில் வாங்குங்கள், நாள்பட்டால் சிக்கு வாடை வரும். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ஒரு மாசம்கூட விடாதீர்கள்.

வாங்கினால் மட்டும் போதாது, காபந்து பண்ணணும். மிளகாய், பருப்பை ஆவணி வெயிலில் நன்றாகக் காயவைத்து, சூடு ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பருப்பில் காய்ந்த வேப்பிலை போட்டால் வண்டு அண்டாது. விறகைத் தரையில் போடாமல் செங்கல் வைத்து அதன்மேல் அடுக்குங்கள். ரேஷன் கார்டு, பாஸ்புக்கைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி உயரத்தில் வையுங்கள்.

பத்துப் பேர் சேர்ந்து பருப்பு, மிளகாயை மூட்டையாக எடுத்துப் பிரித்துக்கொண்டால் சில்லறை விலையைவிடக் குறையும். யார் போய் வாங்குவது, வண்டி வாடகை எவ்வளவு என்பதை முன்கூட்டியே பேசித் தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள். பிரிக்கும்போது தராசு எல்லோர் கண் முன்னாலும் இருக்கட்டும்.