சீல் வைத்த கைதும் சென்னை விசாவும்

கேள்வி: ஐயா, என் மகன் கலிஃபோர்னியாவில், சான் ஹோசேயில் ஹெச்-1பி விசாவில் வேலை பார்க்கிறான். இரண்டரை வருடத்துக்கு முன் ஒரு கடையில், நாமே ஸ்கேன் செய்து பில் போடும் இடத்தில், இரண்டு சாமானுக்குக் காசு கட்டாமல் வந்துவிட்டான் என்று போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. போட்டோ, கைரேகை எல்லாம் எடுத்துவிட்டு அன்று ராத்திரியே விட்டுவிட்டார்கள். கேஸ் போடவே இல்லை. போன மாதம் பெண் வீட்டார் அவன் பெயரை கூகுளில் தேடி, அந்தப் போட்டோவை எங்களுக்கே அனுப்பினார்கள். அங்கே இதை 'சீல்' செய்துவிடலாமாம். அப்புறம் கைதே ஆகவில்லை என்று சொல்லிக்கொள்ளலாமாம். நிஜமா? தை மாதம் கல்யாணத்துக்கு அவன் ஊருக்கு வர வேண்டும்.
– ஒரு தாய், திருச்சி

பதில்: சீல் செய்யலாம், அம்மா. உங்கள் மகனுடையது அதற்குச் சுலபமான வகை. ஆனால் 'கைதே ஆகவில்லை' என்று எங்கு வேண்டுமானாலும் சொல்லலாம் என்பது பாதிதான் உண்மை. சொல்லவே கூடாத இடம் ஒன்று சென்னை அண்ணா சாலையில் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கேஸே இல்லாதபோது போட்டோ எப்படி வெளியே வந்தது என்று உங்களுக்குக் கோபம் வரும். கலிஃபோர்னியாவின் பொது ஆவணச் சட்டப்படி, கைதானவரின் பெயர், தொழில், பிறந்த தேதி, உயரம், எடை, பிடித்த நேரம், என்ன குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை எவ்வளவு என்பதையெல்லாம் போலீஸ் கேட்பவருக்குச் சொல்லியாக வேண்டும். யாரையும் ரகசியமாகப் பிடித்து அடைத்துவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்த ஏற்பாடு இது. அதைத் தனியார் தளங்கள் அள்ளிக்கொண்டு போய்க் கடை விரித்துவிட்டன. பிடித்த செய்தி ஏறும். விட்ட செய்தி ஏறாது.

இனி சட்டம். கைது செய்து, வழக்குப் பதியாமல் விட்டுவிட்டால் அது கைதாகவே கருதப்படாது, 'தடுத்து வைத்தல்' மட்டுமே என்று கலிஃபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 849.5-ஆம் பிரிவு சொல்கிறது. அப்படி ஒரு சான்றிதழை, பிடித்த போலீஸ் துறையே தர வேண்டும். இது பலருக்குத் தெரிவதில்லை. மகனை முதலில் அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

அடுத்தது 851.91-ஆம் பிரிவு. 2018 ஜனவரி முதல், தண்டனையில் முடியாத கைதை சீல் செய்யக் கோரி மனுப் போடலாம். இனிமேல் வழக்குப் போட வாய்ப்பு இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. சிறு திருட்டுக்கு வழக்குப் போடும் கெடு பொதுவாக ஒரு வருடம். உங்கள் மகனுக்கு அது தாண்டிவிட்டது. படிவம் சி.ஆர்-409. கட்டணம் கிடையாது. கைதான கவுன்டியின் கோர்ட்டில் போட்டு, அரசு வழக்கறிஞருக்கும் போலீசுக்கும் விசாரணைக்குக் குறைந்தது 15 நாள் முன்னால் நகல் சேர்ப்பிக்க வேண்டும். இவன் மாதிரி ஆட்களுக்கு இது உரிமை. நீதிபதியின் கருணை அல்ல.

இதில் ஒரு விஷயம். 2022 ஜூலை முதல் மாநில நீதித்துறையே தன் பதிவேட்டை அலசி, இப்படிப்பட்ட சிறு கைதுகளுக்குத் தானாகவே நிவாரணம் தந்து வருகிறது. அவனுடையதும் ஏற்கெனவே மறைந்திருக்கலாம். தன் பதிவின் நகலைக் கேட்டு, கைரேகை கொடுத்து வாங்கிப் பார்க்கட்டும். ஆனாலும் மனுப் போடுவது நல்லது என்பேன். கோர்ட் உத்தரவு என்று ஒரு காகிதம் கையில் இருப்பது வேறு. வேலை விஷயத்தில் கவலை வேண்டாம்: தண்டனையில் முடியாத கைதைப் பற்றி அங்கே முதலாளி கேட்பதற்கே பொதுவாகத் தடை இருக்கிறது.

அந்தத் தளம்? கோர்ட் உத்தரவு அதைத் தானாகப் போய்த் தட்டிவிடாது. போட்டோவை எடுக்கக் காசு கேட்டால் ஒரு டாலரும் கொடுக்காதீர்கள். அப்படிக் கேட்பதே 2015 முதல் கலிஃபோர்னியாவில் சட்டவிரோதம். ஒவ்வொரு மீறலுக்கும் 1,000 டாலர் அல்லது உண்மையான நஷ்டம், இதில் எது அதிகமோ அதைக் கேட்டு வழக்குப் போடலாம். காசு கேட்கும் தளங்களின் பக்கங்களைத் தேடலிலிருந்து நீக்கச் சொல்லி கூகுளிடமும் மனுச் செய்ய முடியும். உத்தரவின் நகலை வைத்து எழுதினால் சில தளங்கள் எடுத்துவிடும், சில இழுத்தடிக்கும்.

இப்போது அண்ணா சாலை. மகன் ஊருக்கு வந்து புது விசா முத்திரை வாங்க வேண்டியிருந்தால், அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு டி.எஸ்-160 படிவம் நிரப்ப வேண்டும். எப்போதாவது கைதானதுண்டா என்று அதில் கேட்பார்கள். மன்னிப்பு, நிவாரணம் எது கிடைத்திருந்தாலும் சொல்லத்தான் வேண்டும் என்று அந்தக் கேள்வியிலேயே இருக்கும். சீல் உத்தரவு மாநிலத்தின் சமாசாரம்; குடிவரவு மத்திய அரசின் சமாசாரம். கைரேகையைத் தட்டினால் அவர்களுக்குத் தெரிய வாய்ப்பு அதிகம். 'இல்லை' என்று எழுதி மாட்டிக்கொண்டால், காசு கட்டாத இரண்டு சாமான் பெரிதில்லை, பொய் பெரிதாகிவிடும்: உண்மையை மறைத்து விசா கேட்டவருக்கு ஆயுள் முழுக்கத் தடை வரலாம். நாளைக்கு கிரீன் கார்டு, குடியுரிமை மனுக்களிலும் இதே கேள்வி வரும்.

அதனால் சீல் மனுவுக்கு முன்னாலேயே போலீஸ் அறிக்கை, வழக்குப் பதியவில்லை என்ற அரசு வழக்கறிஞர் அலுவலகக் கடிதம், இவன் பேரில் கேஸ் இல்லை என்ற கோர்ட் கிளார்க் கடிதம் மூன்றையும் சான்றிட்ட நகலாக வாங்கிப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். சீலான பிறகு இவற்றைத் தேடி அலைவது பெரும்பாடு. 'நிரபராதி' என்று அறிவிக்கச் சொல்லும் 851.8-ஆம் பிரிவு மனுவை யாராவது சொன்னால் நான் வேண்டாம் என்பேன். அதற்குக் கெடுவும் பொதுவாக இரண்டு வருடம்தான். தவிர அதில் பதிவுகளை மூன்று வருடம் கழித்து அழித்துவிடுவார்கள், அவனுக்கோ அவை தேவைப்படும்.

இன்னொரு எச்சரிக்கை. திருட்டு, குடிவரவுச் சட்டம் முகம் சுளிக்கும் வகைக் குற்றம். தண்டனையே இல்லாவிட்டாலும், நேர்காணலில் 'ஆமாம், செய்தேன்' என்று ஒப்புக்கொள்வதே வினையாகலாம். விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் அங்கே ஒரு குடிவரவு வக்கீலிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசட்டும். தை முகூர்த்தத்தை அதற்குப் பிறகு குறித்தால் போதும்.

பெண் வீட்டாரிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அவர்கள் பார்த்துவிட்டார்கள். அந்தத் 'தடுத்து வைத்தல்' சான்றிதழையும் மூன்று ஆவணங்களையும் காட்டி மகனே நேரில் பேசட்டும். நீங்கள் நடுவில் போய் 'அது வேறு யாரோ' என்று சமாளிக்க வேண்டாம்.