சீட் போனால் ஓட்டும் போகுமா?

தேர்தல் என்றதும் நமக்கெல்லாம் ஓட்டுப்பெட்டிதான் ஞாபகத்துக்கு வருகிறது. அதற்கு முன்னாடியே ஒரு தேர்தல் நடந்து முடிந்துவிடுகிறது. கட்சிக்குள் யாருக்கு ‘சீட்’ என்று முடிவு செய்கிற தேர்தல் அது. அதில் ஓட்டும் கிடையாது, ஏஜெண்டும் கிடையாது, பல சமயம் காரணமும் கிடையாது. அந்த முதல் தேர்தலில் ஒரு பெண் தோற்றுப்போனால், அவரை நம்பியிருந்த பெண்களின் ஓட்டு எங்கே போகும்? கட்சியிலேயே தங்குமா, எதிர்க்கட்சிக்குப் போகுமா, இல்லை வீட்டோடு உட்கார்ந்துவிடுமா?

டீக்கடை பெஞ்சில் இதற்கு ஒரே நிமிஷத்தில் பதில் கிடைக்கும். "பொம்பளைக்குப் பொம்பளை பாவம் பாத்துக் குத்திருவா" என்பார் ஒருவர். "பொம்பளைக்குப் பொம்பளைதான்யா எதிரி" என்பார் பக்கத்தில் இருப்பவர். நடந்த தேர்தல்களை எடுத்துப் பார்த்தால் இரண்டுமே நிற்கவில்லை.

முதலில் பக்கத்து மாநிலம். 2021 சட்டமன்றத் தேர்தலில், கேரள மகிளா காங்கிரஸ் தலைவியாக இருந்த லதிகா சுபாஷ் கோட்டயம் மாவட்டம் ஏற்றுமானூர் தொகுதியைக் கேட்டார். கூட்டணிப் பங்கீட்டில் அது கேரள காங்கிரஸ் ஜோசப் பிரிவுக்குப் போய்விட்டது. மார்ச் 14ஆம் தேதி காங்கிரஸ் பட்டியல் வந்தது. அதில் அவர் பெயர் இல்லை. பதவியை ராஜினாமா செய்துவிட்டு, திருவனந்தபுரத்தில் கட்சி அலுவலகத்தின் முன்னாலேயே உட்கார்ந்து மொட்டையடித்துக்கொண்டார். இருக்கன்குடிக்கு நேர்ந்துகொண்டு முடி இறக்குகிற நம் ஊர்க்காரர்களுக்கு மொட்டை புதிதல்ல. ஆனால் சீட் கிடைக்காததற்கு ஒரு பெண் மொட்டை போட்டதைப் பார்த்து நாடே திரும்பிப் பார்த்தது.

பிறகு அதே தொகுதியில் சுயேச்சையாக நின்றார். கிடைத்தது ஏறத்தாழ 7,600 ஓட்டு. டெபாசிட் திரும்பக் கிடைக்க, செல்லும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும். அதற்கு இது எந்த மூலைக்கு? மார்க்சிஸ்ட் கட்சியின் வி.என். வாசவன் 14,000 ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். ‘லதிகா ஓட்டைப் பிரித்ததால்தான் கூட்டணி தோற்றது’ என்று சொல்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். அவர் வாங்கியது மொத்தத்தையும் கூட்டணி வேட்பாளருக்குச் சேர்த்தாலும் வித்தியாசத்தில் பாதிதான் தேறும். அத்தனை பெண்கள் இருக்கிற தொகுதியில், அவர் மேல் பரிதாபப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஓட்டை மாற்றவில்லை என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது.

அதே கேரளத்தில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்திருக்கிறது. 1957 அமைச்சரவையில் வருவாய்த்துறை அமைச்சராக இருந்து நிலச்சீர்திருத்த மசோதாவைக் கொண்டுவந்தவர் கே.ஆர். கௌரி அம்மா. 1987 தேர்தலில் இடது முன்னணி ஜெயித்தால் அவர்தான் முதலமைச்சர் என்ற பேச்சு கேரளம் பூராவும் இருந்தது. முன்னணி ஜெயித்தது, முதலமைச்சர் ஆனவர் ஈ.கே. நாயனார். இதில் கவனிக்க வேண்டியது காலக்கணக்கு. ஓட்டெல்லாம் பெட்டிக்குள் விழுந்து எண்ணி முடித்த பிறகுதான் அந்த முடிவு வந்தது. கோபப்பட்ட பெண் கையில் நிறுத்திவைக்க ஓட்டே இல்லை! 1994இல் கட்சி அவரை நீக்கியது. தனிக்கட்சி தொடங்கி, காங்கிரஸ் கூட்டணியில் சேர்ந்து, 1996இலும் 2001இலும் தன் பழைய அரூர் தொகுதியிலேயே ஜெயித்தார். ஏற்றுமானூரில் நடக்காதது அரூரில் எப்படி நடந்தது? கூட்டணிப் பலம் ஒரு காரணம். இன்னொன்று, அந்த ஊர் ஜனங்களுக்கு அவர் முப்பது வருஷப் பழக்கம். பெண் என்பதற்காக விழுந்த ஓட்டு என்று அதை யாராலும் சொல்ல முடியாது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். எம்.ஜி.ஆர். 1977இல் நம் அருப்புக்கோட்டையில் ஜெயித்து முதலமைச்சர் ஆனவர். ‘தாய்க்குலத்தின் ஓட்டு’ என்ற சொல் அவரோடு சேர்ந்தே வளர்ந்தது. 1987 டிசம்பர் 24இல் அவர் மறைந்ததும் கட்சி இரண்டாகப் பிளந்தது. ஒரு பக்கம் 24 நாள் முதலமைச்சராக இருந்த ஜானகி அம்மாள். மறுபக்கம் ஜெயலலிதா. இரட்டை இலை முடக்கப்பட்டது. ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்கு சேவல். இங்கே வழக்கமான கேள்வியே மாறிப்போகிறது. இரண்டு பேருமே பெண். யார் வாரிசு என்பதுதான் போட்டி. அதை ஜனங்களே 1989 ஜனவரியில் தீர்த்தார்கள். சேவல் 27 இடம், புறா 2 இடம். ஆண்டிப்பட்டியில் ஜானகி அம்மாளே தோற்றார். போடிநாயக்கனூரில் ஜெயலலிதா ஜெயித்தார். ஆட்சி 150 இடத்தோடு தி.மு.க.வுக்குப் போனது.

அதற்கப்புறம் நடந்ததுதான் நம் பாடத்துக்கு முக்கியம். தோற்ற ஜானகி அம்மாள் எதிரணியோடு போய்ச் சேரவில்லை, சுயேச்சைக்கும் ஆள் நிறுத்தவில்லை. ஒதுங்கிக்கொண்டார். அணிகள் சேர்ந்தன, இலை திரும்பி வந்தது. அந்த மார்ச் மாதமே தள்ளிவைத்திருந்த மதுரை கிழக்கு, மருங்காபுரி இரண்டிலும் தேர்தல் நடந்து இரண்டையும் அ.தி.மு.க. எடுத்தது. புறாவுக்குப் போட்டவர்கள் மனசு இரண்டு மாசத்தில் ஆறிவிட்டதா என்று கேட்டால் யாருக்குத் தெரியும்? திரும்பி வருவதற்குக் கதவு திறந்திருந்தது, பழைய சின்னமும் இருந்தது.

அமெரிக்காவில் 2008இல் ஏறக்குறைய இதே கதை. கட்சிக்குள் நடந்த தேர்தலில் ஹிலாரி கிளிண்டன் சுமார் 1 கோடியே 80 லட்சம் ஓட்டு வாங்கியும் ஒபாமாவிடம் தோற்றார். ஹிலாரியின் பெண்கள் கோபத்தில் இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டு, எதிர்க்கட்சியின் மெக்கெய்ன் சாரா பேலின் என்ற பெண்ணைத் துணை ஜனாதிபதி வேட்பாளராக்கினார். ஆனால் ஹிலாரியே மேடை மேடையாக ஒபாமாவுக்கு ஓட்டுக் கேட்டார். வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கணிப்பின்படி பெண்களில் ஒபாமாவுக்கு 56 சதவீதம், மெக்கெய்னுக்கு 43. பெண்ணுக்குப் பதில் பெண் என்று கடையில் மாற்றிக் கொடுக்கிற மாதிரி கொடுத்தால் வாங்க மாட்டார்கள் போலிருக்கிறது.

இவ்வளவும் படித்த பிறகும் எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. எங்கள் எம். புதுப்பட்டியைச் சுற்றி பயர் ஆபீஸுக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் போகிற பெண்கள்தான் அதிகம். விடிகாலையில் வேன் ஏறினால் பொழுது சாயத்தான் வருவார்கள். அவர்கள் மனசு வாஷிங்டன் கணிப்பில் தெரியுமா?

தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் சட்டம் வந்தது. 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல். ஊராட்சித் தலைவருக்குக் கட்சிச் சின்னம் கிடையாது; ஒன்றிய வார்டுக்கு உண்டு. எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் ஓர் அக்கா, இருபது வருஷமாகக் கட்சிக்கு உழைத்தவர், பெண்களுக்கு ஒதுக்கிய ஒன்றிய வார்டைக் கேட்டார். சீட் ஒரு நிர்வாகியின் மருமகளுக்குப் போனது. அந்தப் பெண் அதுவரை ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை. எல்லாக் கட்சியிலும் இப்படி மருமகள்கள் உண்டு.

அந்த அக்காவோடு வேனில் போகிற சிலரிடம் பேசினேன். வயதான ஒருத்தர் சொன்னார்: "சின்னத்துக்குத்தான் குத்துனோம் தாயி. கை வேற பக்கம் போகல. ஆனா இந்தத் தடவ ஒரு வீட்டுப் படி ஏறி ஓட்டுக் கேக்கல." இன்னொருவர், "அவ கேட்டது ஞாயந்தான். நாளைக்கு முதியோர் பென்ஷனுக்கு எழுதிக் குடுக்க நா யார்ட்டப் போய் நிக்க? செயிச்சு வாரவகட்டதான போகணும்?" என்றார். என் வயசுப் பெண் ஒருத்தி மட்டும், "நா போகவே இல்லக்கா. படுத்துத் தூங்கிட்டேன்" என்றாள், கொஞ்சம் பெருமையாகவே.

முதல் பெண்மணி சொன்னதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஓட்டு கட்சியிலேயே நின்றுவிட்டது, வேலை நின்றுபோனது. சிலிப் கொடுப்பது, படுத்துக்கிடக்கிற பாட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவது, கூட்டத்துக்கு ஆள் திரட்டுவது எல்லாம் சம்பளமில்லாமல் அந்த அக்காவும் கூட்டாளிகளும் செய்துவந்தது. ஓட்டு எண்ணுகிற மேஜையில் இந்த நஷ்டம் எந்தக் கட்டத்திலும் ஏறாது. அதனால்தான் ‘எங்கே போய்விடுவார்கள், நமக்குத்தானே போடுவார்கள்’ என்று தலைவர்கள் தைரியமாக இருக்கிறார்கள். ஏற்றுமானூரிலும் 7,600ஐ மட்டும் எண்ணியவர்கள், வீட்டோடு இருந்துவிட்ட தொண்டர்கள் எத்தனை பேர் என்று எண்ணியிருக்க முடியாது.

இதை அளக்க வழி இல்லையா என்று கேட்கும் தொழில்நுட்ப மூளைகளுக்கு ஒரு செய்தி. ஓட்டு இயந்திரம் ஆணா பெண்ணா என்று குறித்துவைப்பதில்லை. ஆனால் நம் மாநிலத்தில் பல இடங்களில் பெண்களுக்கென்று தனி வாக்குச்சாவடி உண்டு. சட்டமன்றத் தேர்தலில் ஒவ்வொரு சாவடியிலும் யாருக்கு எத்தனை என்பது 20ஆம் படிவத்தில் வந்துவிடுகிறது. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் பார்க்கலாம். பெண்கள் சாவடியையும் அதே ஊரின் ஆண்கள் சாவடியையும் எடுத்து, சீட் தகராறு நடந்த தேர்தலையும் அதற்கு முந்திய தேர்தலையும் ஒப்பிட்டால் ஓட்டு மாறியதா, குறைந்ததா என்று தெரியும். 2016, 2021 படிவங்களை வைத்து நான் ஆரம்பித்திருக்கிறேன். எழுத்து மங்கின பக்கங்களைக் கையால் ஏற்ற வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் யாராவது கை கொடுத்தால், மதிய இடைவேளையில் நூலகத்தில் ஜன்னலோர மேஜையில்தான் இருப்பேன்.