எலி, பாம்பு, ஆந்தை, நம்ம சோறு: கூட்டேரிப்பட்டில் ஓர் உணவுச் சங்கிலிப் பாடம்

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில், கூட்டேரிப்பட்டுல பஸ்ஸுக்காக நீங்க நின்னிருப்பீங்க. சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனா வயல். பள்ளிக்கூடத்துல படிச்ச உணவுச் சங்கிலி அங்கே தினமும் நடக்குது. அதுல ஒரு கண்ணி அறுந்தா நட்டம் யாருக்கு? கடைசியில நமக்குத்தான்.

வயலில்

நெற்பயிர் சூரிய ஒளியில் உணவு தயாரிக்கிறது. நெல்லை எலி தின்கிறது. எலியைச் சாரைப்பாம்பும் கூகை ஆந்தையும் பிடிக்கின்றன. ஒவ்வொரு படியிலும் சுமார் 10 சதவீத ஆற்றல்தான் அடுத்த படிக்குப் போகும். 1,000 பங்கு பயிரில் இருந்தால், எலிக்கு 100, பாம்புக்கு 10 என்று வையுங்க. அதனாலதான் எலி நிறைய இருக்கு, பாம்பும் ஆந்தையும் குறைவா இருக்கு.

எலி சுமார் மூன்றே வாரத்தில் குட்டி போடும். பாம்பும் ஆந்தையும் அந்த வேகத்தில் பெருகாது. ஒரு சாரையை அடிச்சுப் போட்டா, அது தின்னிருக்க வேண்டிய எலிகள் உங்க வரப்பில்தான் வளை தோண்டும். சாரைக்கு விஷமே கிடையாது. விஷம் வெச்சு எலியைக் கொன்னாலும் ஆபத்து உண்டு. செத்த எலியைத் தின்னும் ஆந்தைக்கும் அந்த விஷம் போய்ச் சேரலாம்.

ஏரியில்

பாசியை நுண்ணுயிர்கள் தின்கின்றன. அவற்றைச் சிறு மீன்களும், சிறு மீன்களை விராலும், விராலை நாரையும் தின்கின்றன. இந்த வரிசைக்குள் வெளியூர் மீன் புகுந்தால் என்ன ஆகும்? ஆப்பிரிக்கக் கெளுத்தி கிடைத்ததை எல்லாம் விழுங்கும். நம்ம ஊர் மீன் குஞ்சுகளும் தப்பாது. அதனால்தான் அதை வளர்க்க இந்தியாவில் தடை இருக்கிறது. வாங்குறதையும் தவிருங்க.

கழுவெளியில்

நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே, வானூர், மரக்காணம் வட்டங்களில் கழுவெளி இருக்கிறது. பரப்பு 5,151.6 ஹெக்டேர். ஒரு பக்கம் நன்னீர், உப்புக்கழி ஓடை வழியாக மறுபக்கம் கடல்நீர். உதிர்ந்த அலையாத்தி இலைகள் சேற்றில் மக்கும். அதைத் தின்று நண்டும் இறாலும் வளரும். அவற்றை மீன்களும் பறவைகளும் உண்ணும். மத்திய ஆசியப் பாதையில் வலசை வரும் பறவைகளுக்கு இது சாப்பாட்டுக் கூடம். மீனவர் குடும்பங்களுக்கோ பிழைப்பு.

இந்த இடம் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. அறிவிப்பு வந்தாச்சுன்னு நாம சும்மா இருக்க முடியாது. ஆக்கிரமிப்பும் பறவை வேட்டையும் நின்றால்தான் இந்தச் சங்கிலி நிலைக்கும்.

கடலில்

மரக்காணம் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். நண்டு, நத்தை, சொறிமீன் இவற்றின் உணவு. கரையில் ஆமையைப் பார்த்தா வெளிச்சம் அடிக்காம, விலகி நில்லுங்க.

நீங்க என்ன செய்யலாம்?

• வீட்டுக்குள் பாம்பு வந்தால் அடிக்காதீங்க. தள்ளி நின்று, அது எங்கே போகுதுன்னு பார்த்துக்கிட்டே, 101-க்கு (தீயணைப்பு மீட்புப் பணிகள்) போன் பண்ணுங்க. கடிச்சிட்டா உடனே 108. கட்டுப் போட்டு, கீறிவிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

• வயலில் ஆந்தை உட்கார டி வடிவக் குச்சிகள் நடுங்க. பூச்சிமருந்து அடிக்கும் முன் வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்க. உங்க ஊருக்கு உதவி வேளாண்மை அலுவலர் வரும் நாளை உழவன் செயலியில் பார்க்கலாம்.

• ஏரியில் குப்பை கொட்டினாலோ ஆக்கிரமித்தாலோ போட்டோ எடுத்து, ஊர், வட்டம், தெரிந்தால் சர்வே எண்ணோடு முதல்வரின் முகவரி திட்டத்தில் மனு கொடுங்க. 1100-க்குப் பேசியும் சொல்லலாம். மனு எண்ணைக் குறிச்சு வெச்சுக்குங்க. பின்னால் நிலவரம் கேட்க அது வேணும்.

• பறவை வேட்டையைப் பார்த்தால் பக்கத்து வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்க. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

அடுத்த முறை வரப்பில் சாரை ஓடினா, கம்பைத் தேடாதீங்க. உங்க நெல்லைக் காவல் காக்கத்தான் அது ஓடுது.