மரபணுவும் உணவு நெறியும்

உயிரினங்களின் நிறம், உருவம் முதலிய பண்புகளை வழிவழியாகக் கடத்துவன மரபணுக்கள். உண்ட உணவு உடலில் எவ்வாறு பயன்படுகிறது என்பதிலும் இவற்றுக்குப் பங்குண்டு. அவ்வாறாயின், ஒருவரின் மரபணுவை ஆய்ந்து அவருக்கெனத் தனி உணவுமுறை வகுத்தல் இயலுமா? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இயலும் என்பதற்குத் தக்க சான்று, பினைல்கீட்டோனூரியா என்னும் பிறவி நோயாகும். இதனை 1934ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் ஃபோலிங் கண்டறிந்தார். புரதத்திலுள்ள பினைல்அலனின் என்னும் அமினோ அமிலத்தை மாற்றும் நொதி, இந்நோயுற்றோரிடம் ஒரு மரபணுவின் திரிபால் செவ்வனே இயங்குவதில்லை. ஆதலின் அவ்வமிலம் குருதியில் மிகுந்து, குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. அதனைக் குறைத்த உணவு பயன் தருதலை 1950களில் இங்கிலாந்தில் பிக்கல் குழுவினர் காட்டினர். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கரான ராபர்ட் கத்ரி, பச்சிளங் குழந்தையின் குதிகாலில் எடுக்கும் சில துளிக் குருதியால் இந்நோயை அறியும் முறையை வகுத்தார். பிறந்த சில நாள்களிலேயே உணவை மாற்றினால் அறிவு வளர்ச்சி காக்கப்படுகிறது.

பால் செரித்தலும் மரபணுவைச் சார்ந்ததே. பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் சிதைக்கும் லாக்டேஸ் நொதி, உலகில் பெரும்பாலோர்க்குக் குழந்தைப் பருவத்திற்குப் பின் குறைகிறது. வட ஐரோப்பியருள் பலர்க்குக் குறைவதில்லை. எனினும் நொதி குறைந்தோரும் சிறிதளவு பாலையோ தயிரையோ பெரும்பாலும் தாங்குவர். ஆகவே, இங்கு மரபணு கூறுவது முழு விலக்கு அன்று, அளவறிதலே.

உடற்பருமனின் நிலை வேறு. அதில் நூற்றுக்கணக்கான மரபணு வேறுபாடுகள் சிறுசிறு பங்கு வகிக்கின்றன; உழைப்பும் உறக்கமும் வறுமையும் உடன் சேர்கின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 609 பேரைக் கொழுப்புக் குறைந்த உணவு, மாவுச்சத்துக் குறைந்த உணவு என இரு பிரிவாக்கி ஓராண்டு ஆராய்ந்தனர். எவர்க்கு எவ்வுணவு எடை குறைக்கும் என்பதை, அவர்கள் தேர்ந்த மரபணு அமைப்பால் முன்னுரைக்க இயலவில்லை என்பதே 2018இல் வெளியான முடிவாகும்.

எனவே, ஒரு மரபணுவால் ஒரு நொதி கெடும் இடத்தில் உணவறிவுரை உறுதியானது. பல மரபணுக்கள் கூடும் இடத்தில் அஃது இன்னும் உறுதி பெறவில்லை. எச்சிலை அனுப்பினால் உணவுப் பட்டியல் தருவோம் எனும் வணிக விளம்பரங்கள் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன. எந்த மரபணு, எந்த உணவு, எந்த ஆய்வு என வினவிய பின்னரே பணம் செலவிடுதல் நன்று. பச்சிளங் குழந்தைக்குச் செய்யும் குருதிச் சோதனையையோ தள்ளிப் போடலாகாது. அங்குக் காலந்தாழ்த்தல் ஒரு குழந்தையின் அறிவையே இழத்தலாகும்.